உயில் என்னும் பிரதி: காலனிய அமெரிக்காவில் வம்சமும் உடைமையும்

1

அமெரிக்காவில் தன் மூதாதையரைத் தேடப் புறப்படுகிற ஒருவர், குடியரசு தோன்றுவதற்கு முந்தைய காலத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் பெரும்பாலும் போய் நிற்கிற இடம் கவுண்டி நீதிமன்றத்தின் உயில் பதிவேடுதான். வேறு வழி அதிகமில்லை. முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 1790இல்தான் நடந்தது. அதிலும் குடும்பத் தலைவனின் பெயர் மட்டும் எழுதப்பட்டது. மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. வீட்டிலுள்ள சுதந்திர மனிதர்கள் அத்தனை பேரின் பெயரும் பதிவானது 1850இல். வர்ஜீனியா போன்ற தென்பகுதிக் காலனிகளில் தேவாலயப் பதிவேடுகளில் பெரும் பகுதி அழிந்துவிட்டது. உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக்கென்று ரிச்மண்டுக்கு அனுப்பிவைத்த சில கவுண்டிகளின் ஆவணங்கள், 1865 ஏப்ரலில் அந்நகரம் எரிந்தபோது சேர்ந்தே எரிந்தன. ஆக 1640இலோ 1740இலோ செத்துப்போன ஒரு குடியானவனுக்கு எத்தனை பிள்ளைகள், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று தெரிய வேண்டுமானால், அவன் விட்டுப்போன நிலமும் மாடும் மெத்தையும் யாருக்குப் போயின என்று பார்க்க வேண்டும். சொத்து போன வழியே ரத்தம் போன வழி. அந்நாட்டு வம்சாவளி ஆய்வு நிற்பது இந்த அனுமானத்தின் மேல்தான்.

இந்த ஆய்வு ஏதோ ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. பாஸ்டனில் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகம் தொடங்கப்பட்டது 1845இல். 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' அமைப்பு 1890இல் வந்தது. 'மேஃபிளவர்' கப்பலில் வந்திறங்கியவர்களின் சந்ததியாருக்கான பொதுச் சங்கம் 1897இல். தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஏழைத் தொழிலாளிகள் லட்சக்கணக்கில் கப்பலேறி வந்த காலம் அது. விடுதலை பெற்ற கறுப்பர்களைத் தென் மாநிலங்கள் சட்டம் போட்டு ஒதுக்கிவைக்கத் தொடங்கிய காலமும் அதுவே. 'நாங்கள் முதலில் வந்தவர்கள்' என்பதை ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டிய அவசியம் சிலருக்கு அப்போது வந்தது. அந்த ஆவணங்களில் தலையாயது உயில். பாடகி மரியன் ஆண்டர்சன் கறுப்பினப் பெண் என்பதால் தங்கள் அரங்கில் பாட 1939இல் இடம் மறுத்ததும் மேற்சொன்ன புதல்விகள் அமைப்புதான். வம்சாவளி என்பது யாரை உள்ளே விடுவது என்பதற்கான வாசல்சீட்டாக இருந்திருக்கிறது.

ஏங்கெல்ஸ் 1884இல் குடும்பத்தையும் தனிச்சொத்தையும் அரசையும் ஒரே மூச்சில் வைத்துப் பேசினார். காலனிய அமெரிக்காவின் உயில்களை அந்த ஒளியில் வாசித்தால், குடும்பம் ஒன்று முன்பே இருந்து பிறகு அது உயில் எழுதியது என்று தோன்றவில்லை. யார் குடும்பம், யார் குடும்பத்தின் உடைமை என்று கோடு கிழிக்கிற வேலையையே உயில் செய்கிறது. அந்தக் கோடு எப்படிக் கிழிக்கப்பட்டது, அதற்கு வெளியே விழுந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் இங்கே நம் கேள்வி.

2

முதலில் இந்தப் பிரதி எப்படி உருவானது என்று பார்ப்போம். ஒருவன் சாகக் கிடக்கிறான். அக்கம்பக்கத்தார் முன்னிலையில் உயில் எழுதப்படுகிறது. எழுத நேரமில்லையென்றால் வாயால் சொல்கிறான், கேட்டவர்கள் பிறகு சத்தியம் செய்கிறார்கள். ஹார்வர்டு கல்லூரிக்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்டு 1638இல் தன் சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் அப்படி வாய்மொழி உயிலாகத்தான் விட்டுச்சென்றார். ஆள் இறந்ததும் உயில் நீதிமன்றத்துக்குப் போகிறது. சாட்சிகள் உறுதிசெய்கிறார்கள். ஊரில் இரண்டு மூன்று பேரை மதிப்பீட்டாளர்களாக நியமிக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து, அறை அறையாகப் புகுந்து, இரும்புச் சட்டி முதல் இறகு மெத்தை வரை ஒன்றுவிடாமல் ஜாப்தா எடுத்து விலை போடுகிறார்கள். பிறகு கடன் கணக்கு, பாகப்பிரிவினை, ரசீது. ஒரு சாவு இப்படி நாலைந்து விதமான காகிதங்களை உற்பத்தி செய்கிறது. உயிலே எழுதாமல் செத்தவனுக்கும் ஜாப்தா உண்டு. பொருளாதார வரலாற்றாசிரியர் ஆலிஸ் ஹான்சன் ஜோன்ஸ், புரட்சிக்குச் சற்று முந்தைய 919 பேரின் சொத்து ஆவணங்களை வைத்துக்கொண்டே 13 காலனிகளின் செல்வ நிலையைக் கணித்தார் என்றால் இந்தக் காகிதங்களின் செழிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் நேராக வாசித்தால் ஏமாந்துபோவோம். அன்றைய ஆங்கிலத்தில் 'மருமகன்' என்று எழுதியிருந்தால் மகளின் கணவனாக இருக்கலாம், மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். 'கசின்' என்ற சொல் அண்ணன் மகனையும் அக்காள் மகளையும் குறித்தது. (தமிழில் மருமகன் என்ற ஒரே சொல் மகளின் கணவனுக்கும் அக்காள் மகனுக்கும் பொருந்துவது நமக்குப் பழக்கம்; அவர்களுக்கு இது இன்று புதிர்.) 'மூத்தவர்', 'இளையவர்' என்று ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் தகப்பன் மகன் என்று முடிவுகட்டக் கூடாது. ஒரே ஊரில் வயது வித்தியாசமுள்ள, உறவே இல்லாத இருவராகக்கூட இருப்பார்கள். 'என் இப்போதைய மனைவி' என்று எழுதினால் முன்பு ஒருத்தி இருந்தாள் என்று உடனே பொருளாகாது. பின்னால் இன்னொருத்தியைக் கட்டினால் அவள் உரிமை கேட்டு வந்துவிடக் கூடாதே என்ற வக்கீல் ஜாக்கிரதையாகவும் இருக்கலாம்.

மூத்த மகனுக்கு ஒரு ஷில்லிங் மட்டும் எழுதிவைத்திருப்பார்கள். பார்க்கிறவர்கள் 'அப்பனுக்கும் மகனுக்கும் ஆகாது போல' என்று கதை கட்டுவார்கள். பல நேரங்களில் அவனுக்குச் சேர வேண்டியது கல்யாணத்தின்போதே கொடுத்தாகிவிட்டது என்பதுதான் விஷயம். மறந்துவிட்டதாக யாரும் வழக்குப் போடாமலிருக்க ஒரு ஷில்லிங். இன்னும் சில உயில்களில் மூத்தவன் பெயரே இருக்காது. வர்ஜீனியாவில் உயில் சொல்லாமல் விட்ட நிலம் மூத்த மகனுக்கே போகும் என்பது சட்டம். தானாக வருவதை ஏன் எழுத வேண்டும்? மாசசூசெட்ஸில் வேறு கதை. அங்கே பியூரிட்டன்கள் பழைய ஏற்பாட்டின் உபாகமத்தைப் பின்பற்றி மூத்தவனுக்கு இரட்டைப் பங்கும் மற்றப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பங்கும் என்று வைத்திருந்தார்கள். ஒரு உயிலின் மௌனத்துக்குப் பொருள் காண அந்தக் காலனியின் வாரிசுச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். சட்டம் பேசுகிற இடத்தில் உயில் பேசாது. சட்டத்தை மீற விரும்புகிற இடத்தில்தான் அது வாய் திறக்கிறது.

3

இந்தக் காகிதங்களில் பெண் எங்கே நிற்கிறாள்? கல்யாணமான பெண்ணுக்கு ஆங்கிலப் பொதுச்சட்டத்தின்படி தனி ஆளுமை கிடையாது. கணவனுக்குள் அவள் கரைந்துவிட்டதாகக் கருத்து. அவள் கொண்டுவந்த ஜங்கமச் சொத்து அவனுடையதாகிவிடும். அவன் சம்மதமில்லாமல் அவள் உயில் எழுத முடியாது. ஆகையால் பெண்கள் எழுதிய உயில்களில் பெரும்பாலானவை விதவைகளுடையவை. கணவன் செத்தால் அவனுடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை ஆண்டனுபவிக்கும் பாத்தியதை அவளுக்கு உண்டு. விற்க முடியாது; அவளுக்குப் பின் அது கணவனின் வாரிசுகளுக்குப் போய்விடும். 'அவள் விதவையாக இருக்கும்வரை' என்ற நிபந்தனையோடு வீட்டில் ஓர் அறையும் ஒரு பசுவும் விறகும் எழுதிவைத்த உயில்கள் ஏராளம். மறுமணம் செய்தால் அந்த அறையும் போச்சு.

வம்சாவளி தேடுகிறவருக்குப் பெண் காணாமல் போவது பெயரில். ஹார்வர்டு கல்லூரிக்காரர்களுக்கே அந்த ஜான் ஹார்வர்டு யார் வீட்டுப் பிள்ளை என்று இருநூறு வருஷத்துக்கு மேல் தெரியாது. ஹென்றி வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் பழைய உயில்களைத் துழாவி 1885இல் அதை வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த முக்கியமான சாவிகளில் ஒன்று ஜானின் தாயார் கேதரின் 1635இல் எழுதிய உயில். அதில் அவள் பெயர் கேதரின் யார்வுட். முதல் கணவன் ராபர்ட் ஹார்வர்டு, சதக் என்ற லண்டன் பகுதியில் கசாப்புக் கடைக்காரர், 1625இன் கொள்ளைநோயில் இறந்தவர். பிறகு எலட்சன் என்பவரைக் கட்டினாள், அதன் பிறகு யார்வுடை. ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு பெயர் அழிந்து இன்னொன்று வந்தது. மூன்று பெயர்களுக்கும் சொந்தக்காரி ஒருத்திதான் என்பதைக் காட்டியது, அவள் தன் பிள்ளைகளுக்கு எதை விட்டுச்சென்றாள் என்ற கணக்கு. ஒரு பெரிய கல்லூரியின் பெயருக்குப் பின்னாலிருந்த குடும்பம், மூன்று முறை தாலி மாறிய ஒருத்தியின் காகிதத்தால்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

4

இதுவரை பேசியது கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களைப் பற்றி. இனி ஜாப்தாவில் மாட்டுக்கும் மெத்தைக்கும் நடுவே விலையோடு எழுதப்பட்டவர்கள்.

எலிசபெத் கீ வர்ஜீனியாவில் பிறந்தவள். அப்பா தாமஸ் கீ ஆங்கிலேயர், காலனியின் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். அம்மா ஆப்பிரிக்க அடிமைப் பெண். சிறுமியாக இருந்தபோதே அவளை ஒன்பது வருஷ ஒப்பந்த வேலைக்கு அப்பா ஒருவரிடம் விட்டார். கைமாறிக் கைமாறி ஜான் மாட்ரம் என்ற பண்ணைக்காரரிடம் வந்து சேர்ந்தாள். ஒன்பது வருஷம் முடிந்து எவ்வளவோ காலமாகியும் விடுதலை இல்லை. 1655இல் மாட்ரம் செத்தார். சொத்துக்கு ஜாப்தா எடுத்தவர்கள் எலிசபெத்தையும் அவள் கைக்குழந்தையையும் நீக்ரோக்கள் என்று எழுதி அடிமைகளோடு சேர்த்தார்கள். அவள் வழக்குப் போட்டாள். என் அப்பா சுதந்திரமான ஆங்கிலேயர், நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள், என் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பவை அவள் தரப்பு. ஒரு மன்றம் விடுதலை தந்தது, இன்னொன்று மறுத்தது, கடைசியில் 1656இல் வென்றாள். அவளுக்காக வாதாடிய வில்லியம் கிரின்ஸ்டெட்டையே மணந்தாள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1662இல் வர்ஜீனியா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது: பிள்ளை அடிமையா சுதந்திரமானதா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும். 1667இல் இன்னொன்று: ஞானஸ்நானம் பெற்றதால் அடிமைத்தனம் மாறாது. எலிசபெத் கீ நுழைந்த கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்ததுபோல இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் பலர் இவற்றை அவளுடைய வழக்கோடு சேர்த்தே பேசுகிறார்கள். ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் பிள்ளைக்குத் தகப்பன் வழிதான் எல்லாம். பெயர், அந்தஸ்து, வாரிசுரிமை. அடிமைக்கு மட்டும் வழி தாய்க்கு மாறியது. எஜமான் அடிமைப் பெண்ணிடம் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளை அவன் வாரிசாகாமல் அவன் சொத்தாக ஆனது. இதைத் 'தாய்வழிச் சமூகம்' என்று யாரும் சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள் என்று நம்புகிறேன். கன்றுக்குச் சொந்தக்காரன் பசுவுக்குச் சொந்தக்காரன் என்கிற அதே கணக்கு.

1705இல் அடுத்த படி. வர்ஜீனியாவில் அடிமைகளை, வாரிசுப் பங்கீட்டைப் பொறுத்தவரை, ஸ்தாவரச் சொத்தாகச் சட்டம் அறிவித்தது. கால் முளைத்த மனிதர்கள் நிலத்தைப் போல அசையாச் சொத்தாகிவிட்டார்கள்! காரணம் எளிது. பண்ணையை மூத்தவனுக்குக் கொடுத்து அதில் உழைக்கிறவர்களைப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பிரித்தால் பண்ணை படுத்துவிடும். தலைமுறைக்கும் விற்க முடியாதபடி நிலத்தைக் கட்டிவைக்கும் ஏற்பாட்டோடு அடிமைகளையும் சேர்த்துக் கட்டலாம் என்று 1727இல் வழிசெய்யப்பட்டது. நிலத்தைக் கட்டிவைக்கிற அந்த ஏற்பாட்டை ஜெஃபர்சனின் முயற்சியால் 1776இல் ஒழித்தார்கள்; மூத்த மகன் உரிமையை ஒழிக்க 1785இல் சட்டம் வந்தது. தாய் வழி அடிமைத்தனத்தில் யாரும் கைவைக்கவில்லை. வெள்ளைக் குடும்பத்துக்குள் சமத்துவம் வந்தது என்றால், அடிமைகள் இன்னும் அதிகமான பங்குகளாகப் பிரிந்தார்கள் என்றும் அதற்குப் பொருள்.

5

சொத்து எங்கே போகிறது என்று உயில் விலாவாரியாகச் சொல்லும். எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. 'நான் குடியிருக்கும் பண்ணை, 200 ஏக்கர்' என்று ஒருவன் எழுதும்போது அந்த 200 ஏக்கரில் முன்பு யார் குடியிருந்தார்கள் என்பது அந்த வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறது. மாசசூசெட்ஸின் பூர்வகுடிகள் சிலர் தங்கள் சொந்த மொழியிலேயே, மிஷனரிகள் கொடுத்த எழுத்தில், உயில் எழுதியிருக்கிறார்கள். அவை இன்றும் கிடைக்கின்றன. நிலத்தைக் காப்பாற்ற, நிலத்தைப் பறித்தவர்களின் ஆவண வடிவத்துக்குள்ளேயே நுழைய வேண்டியிருந்தது அவர்களுக்கு.

அடிமையாக வந்து, விடுதலை பெற்று, வர்ஜீனியாவில் 250 ஏக்கர் வரை சேர்த்த ஆப்பிரிக்கர் அந்தோணி ஜான்சன். மேரிலாந்துக்குக் குடிபெயர்ந்து 1670இல் இறந்தார். அவர் நீக்ரோ, ஆகவே அந்நியர், எனவே அவருடைய வர்ஜீனியா நிலம் அரசுக்குச் சேரலாம் என்று அங்குள்ள நடுவர் குழு முடிவுசெய்தது. பேரன் 1677இல் மேரிலாந்தில் 44 ஏக்கர் வாங்கி அதற்கு 'அங்கோலா' என்று பெயர் வைத்தான். வம்சம் தன் பூர்வீகத்தை நிலத்தின் பெயரில் எழுதிவைத்தது.

நமக்குத் தொடர்புள்ள ஒரு கதையும் இதில் உண்டு. 1649இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். கும்பினி உத்தியோகத்திலும் சொந்த வியாபாரத்திலும் இங்கே பெரும் செல்வம் சேர்த்தார். 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கை விற்ற பணத்தில்தான் கனெக்டிகட்டின் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. சட்டப்படி செல்லுகிற உயில் இல்லாமலே 1721இல் இறந்தார். ஆண் வாரிசு தங்கவில்லை. மகன் டேவிட் குழந்தையாகவே சென்னையில் இறந்தான். ஆனாலும் பெயர் நிலைத்தது. சென்னைப் பட்டணத்துச் செல்வம் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் 'மூதாதை' ஆன கதையை எந்த வம்சாவளி மரத்திலும் காண முடியாது.

6

உயில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதற்கு வாஷிங்டன் வீட்டை விடத் தெளிவான உதாரணம் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டனுக்கு 11 வயதில், 1743இல், தகப்பன் இறந்தபோது உயில் வழியே பத்து அடிமைகள் வந்தார்கள். மணந்துகொண்ட மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் பெரும் பணக்காரர். 1757இல் உயில் எழுதாமல் செத்துப்போனார். சட்டம் தன் வேலையைச் செய்தது: மார்த்தாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, ஆயுள் பாத்தியதை மட்டும். எண்பதுக்கு மேற்பட்ட அடிமைகள் இந்தப் பங்கில் வந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் 1662 சட்டப்படி அதே கணக்கில் சேர்ந்துகொண்டே போனார்கள்.

வாஷிங்டன் 1799 ஜூலையில் எழுதிய உயில் புகழ்பெற்றது. தன் சொந்த அடிமைகள் 123 பேரும் மனைவியின் காலத்துக்குப் பிறகு விடுதலை பெற வேண்டும் என்றார். வில்லியம் லீ என்ற ஒருவருக்கு மட்டும் உடனடி விடுதலை, வருஷத்துக்கு 30 டாலர். கஸ்டிஸ் கணக்கிலிருந்த 153 பேரை அவரால் விடுவிக்க முடியாது, மார்த்தாவாலும் முடியாது. இரண்டு கணக்கு ஆட்களும் தங்களுக்குள் கல்யாணம் செய்துகொண்டு கலந்துவிட்டார்கள் என்பதை உயிலே ஒரு சிக்கலாகக் குறிப்பிடுகிறது. அதாவது புருஷன் வாஷிங்டன் கணக்கு, பெண்டாட்டி கஸ்டிஸ் கணக்கு. 1801 ஜனவரி முதல் தேதி மார்த்தா முதல் கூட்டத்தை விடுவித்தார். 1802இல் அவர் இறந்ததும் இரண்டாம் கூட்டம் நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. எந்தத் தாய் எந்தப் பேரனுக்கு, அவள் பிள்ளைகள் எந்தப் பேத்திக்கு என்பது கூறுபோட்ட கணக்கைப் பொறுத்தது. ஒரு பணக்காரன் நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் உயில் எழுதாமல் செத்ததன் விலையைக் கொடுத்தவர்கள் இவர்கள்.

இந்தக் கணக்கிலிருந்து தானே எழுந்து போனவள் ஓனா ஜட்ஜ். மார்த்தாவின் பணிப்பெண், பேத்திக்குத் தன்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் 1796இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தாள். அங்கே கல்யாணம், பிள்ளைகள். சட்டப்படி அவளும் அவள் பிள்ளைகளும் கடைசிவரை கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்துதான். 1848இல் இறக்கும்வரை அவளுக்கு யாரும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரவில்லை.

ஜெஃபர்சன் வீட்டில் கோடு இன்னும் நெருக்கமாக விழுந்தது. அவருடைய மாமனார் ஜான் வேய்ல்ஸ் 1773இல் இறந்தபோது 135 அடிமைகள் மகள் மார்த்தா வழியாக ஜெஃபர்சனுக்கு வந்தார்கள். அவர்களில் எலிசபெத் ஹெமிங்ஸும் அவள் பிள்ளைகளும் உண்டு. கைக்குழந்தை சாலி ஒருத்தி. வேய்ல்ஸே சாலியின் தகப்பன் என்பதையும், தன் தகப்பன் ஜெஃபர்சன் என்பதையும் சாலியின் மகன் மாடிசன் ஹெமிங்ஸ் 1873இல் ஒரு பத்திரிகையில் சொன்னார். அப்படியானால் மார்த்தா ஜெஃபர்சன் தன் அப்பாவின் சொத்தோடு தன் தங்கைகளையும் தம்பிகளையும் வாரிசாகப் பெற்றாள். 1826இல் ஜெஃபர்சனின் உயில் இணைப்பு ஐந்து ஆண்களை விடுவித்தது. மாடிசனும் தம்பி எஸ்டனும் அதில் உண்டு, மகன்கள் என்றல்ல. சாலியின் பெயரே இல்லை. மறு வருஷம் ஜனவரியில் கடனுக்காக 130 பேர் ஏலம் விடப்பட்டார்கள். 1998இல் மரபணுச் சோதனை, எஸ்டனின் ஆண்வழிச் சந்ததியை ஜெஃபர்சன் ஆண்வழியோடு பொருத்திக் காட்டியது. அதற்குப் பிறகும், குடும்ப இடுகாட்டுக்கு உரிமை கொண்ட சந்ததியார் சங்கம் 2002இல் ஹெமிங்ஸ் வழியினரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. ஆவணம் இல்லை, ரத்தம் வேண்டும் என்று கேட்டார்கள். ரத்தம் கிடைத்ததும் ஆவணம் வேண்டும் என்றார்கள்.

7

விடுதலை பெற்ற கறுப்பர்கள் அனைவரும் பெயரோடு மக்கள்தொகைக் கணக்கில் முதன்முதல் வருவது 1870இல். அதற்கு முந்தைய அடிமைப் பட்டியல்களில் வயது, பால், நிறம் மட்டும். இதை '1870 சுவர்' என்கிறார்கள். அந்தச் சுவரைத் தாண்ட விரும்பும் கறுப்பர், எஜமானின் உயிலுக்கும் ஜாப்தாவுக்கும் பாகப்பிரிவினைக்கும்தான் போக வேண்டும். தன் பாட்டியின் பாட்டியைத் தேட, முதலில் அவளை வைத்திருந்தவனின் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக எழுதியாக வேண்டும். அவன் மகள் யாரைக் கட்டினாள், கல்யாணத்தில் எந்த ஊருக்குப் போனாள், கூடவே யாரைக் கூட்டிப்போனாள் என்று. வெள்ளைக் குடும்பத்தின் பெருமைக்காகத் திரட்டிய காகிதமே மற்றவரின் தேடலுக்கும் வழி. லூசியானா நீதிமன்றங்களின் இத்தகைய காகிதங்களிலிருந்து வரலாற்றாசிரியர் க்வெண்டலின் மிட்லோ ஹால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அடிமைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2000இல் வெளியிட்டார். விலைபோடுவதற்காக எழுதிய பெயரும் வயதும் பிறந்த நாடும் பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்தன.

வம்சாவளி என்ற சொல்லை ஃபூக்கோ கையிலெடுத்தபோது, தூய்மையான தொடக்கம் ஒன்றைத் தேடுவதற்கு எதிராகவே அதைப் பயன்படுத்தினார். உயில்களை முழுசாக, ஜாப்தாவோடும் பாகப்பிரிவினையோடும் சேர்த்து வாசிக்கிறவர் அந்த இடத்துக்குத் தானாகவே வந்து சேர்வார். அந்தக் காகிதங்களில் இரண்டு குடும்பங்கள் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று பெறுகிறது, இன்னொன்று பெறப்படுகிறது. வாஷிங்டன் தன் கையால் 1799இல் எழுதிய அடிமைப் பட்டியலில், யாருக்கு யார் புருஷன், யார் பெண்டாட்டி, பிள்ளைக்கு என்ன வயது, யார் எந்தக் கணக்கு என்று எல்லாம் இருக்கிறது. அவர் அதை எழுதியது எவரை விடுவிக்கலாம், எவரை முடியாது என்று பிரிப்பதற்காக. இன்று அதைத் திறந்து பார்க்கிற சந்ததியார், அவர் கிழித்த கோட்டைத் தாண்டி, புருஷனையும் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் மறுபடி ஒரே வரியில் எழுதிக்கொள்கிறார்கள்.